பத்து நொடி வெற்றிடம்

தாளிக்கும்போது எண்ணெய் பற்றிக்கொண்டது. சமையலறைக் கதவு தானாக அடைத்துக்கொள்ள, சேந்தன் உள்ளே மாட்டிக்கொண்டான்.

வெளிச் சுவரிலிருந்த சிவப்புக் கைப்பிடியை அவன் மனைவி நீலவேணி பற்றினாள். நிலாக் குடியிருப்பில் தீயை வெற்றிடத்தால்தான் அணைப்பார்கள். அறைக் காற்றை வெளியே திறந்துவிட்டால் தீ அணையப் பத்து நொடி போதும். மனிதனும் பத்து நொடி தாங்குவான். ஆனால் மூச்சை அடக்கி வைத்திருந்தால் நுரையீரல் கிழிந்துவிடும்.

"காத்த எடுத்தா எம்புள்ள செத்துருவான்டி," என்று மாமியார் மரகதம் அவள் கையைப் பிடித்தாள். பூமியிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"விடுங்க அத்தை. காத்து இருக்கறவரைக்கும் தீ எரியும்."

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் குரல் கேட்காது. மரகதம் மருமகளின் கையை விட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக் கன்னத்தை உப்பிக் காட்டினாள். கிணற்றில் அவனுக்கு நீச்சல் பழக்கியபோதும் அப்படித்தான் காட்டினாள். நீலவேணி வாயை அகலத் திறந்து மூச்சு முழுவதையும் ஊதிக் காட்டினாள்.

சேந்தனின் பார்வை அம்மாவிடமே நின்றது. அவன் கன்னம் உப்பத் தொடங்கியது.

நீலவேணி மாமியாரின் முகத்தை உள்ளங்கையால் மறைத்தாள். அப்போதுதான் அவன் மனைவியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அவள் கைப்பிடியை இழுத்தாள்.

தீ அடங்கியது. சேந்தன் சரிந்தான். பத்து எண்ணிக் காற்றைத் திருப்பிவிட்டாள். அவன் இருமினான்.

"பொழச்சிட்டாரு, அத்தை."

நீலவேணி மாமியாரின் முகத்திலிருந்து கையை எடுத்தாள். மரகதம் மூக்கைப் பொத்தியபடி, கண் பிதுங்க, இன்னும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.