கோணல் விரல்

“டாக்டருக்குப் படிக்க வந்தவன் களிமண் பிசையணுமா, அம்மா?” தைவான் மருத்துவக் கல்லூரியின் சிற்ப வகுப்பில் வெய்லுனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. “நாளைக்குக் கத்தி பிடிக்கணும். அதைப் பழகவேண்டாமா?”

“முதல்ல உங்க வாத்தியாரோட கையை ஒழுங்கா செய்,” என்றார் வாத்தியாரின் மனைவி ஸூ அம்மாள். “சுண்டுவிரலை இவ்வளவு நேராக்கிட்டியே! எனக்குக் கொய்யா பறிக்க மரத்துல ஏறி, விழுந்து ஒடிச்சுக்கிட்டது. கோணலாத்தான் இருக்கும்.”

வெய்லுன் முனகிக்கொண்டே விரலை வளைத்தான்.

மறுநாள் காலை மாணவர்கள் வரிசையாக நின்று வாத்தியாரைத் தலைகுனிந்து வணங்கினார்கள். பிறகு துணியை விலக்கினார்கள். தன் உடலையே அவர்கள் படிப்புக்கு எழுதிவைத்துவிட்டு இறந்தவர், அதனாலேயே அவர்களுக்கு வாத்தியாரானவர், மேசைமேல் கிடந்தார். சுண்டுவிரலில் அதே கோணல்.

கத்தியை எடுத்த வெய்லுன் அந்தக் கையைப் பற்றிக்கொண்டான்.

“வலிச்சா சொல்லுங்க, ஐயா.”

யாரும் சிரிக்கவில்லை.