பழக்காத வளைவு

தொண்ணூற்றாறில் கோவைக் கல்லூரி ஒன்றின் உலோகவியல் ஆய்வகத்தில், ஹுமேரா கம்பிகளைப் பழக்கிக்கொண்டிருந்தாள். உலையில் எந்த வடிவில் வைத்துச் சூடேற்றுகிறோமோ, பிறகு எப்படிக் கசக்கினாலும், சூடு பட்டதும் அந்தக் கலப்புலோகக் கம்பி அதே வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

எல்லாவற்றையும் அவள் நேராகத்தான் பழக்கியிருந்தாள். சோதிக்க முதலில் வெந்நீரில் போட்ட கம்பியோ கொக்கியாக வளைந்து, நுனியில் சற்றே இடப்பக்கம் திரும்பியது.

"என்ற சுண்டுவிரல மடக்குன மாதிரியே இருக்குதுங்க அம்மணி," என்று சிரித்தார் ஆய்வக உதவியாளர் சாமுவேல்.

மறுவாரம் அவர் வேலைக்கு வரவில்லை. மாதக் கடைசியில்தான் வந்தார்.

"டவுன் பஸ் கதவுல சுண்டுவிரலு மாட்டி நசுங்கிப்போச்சுங்க. இனி நிமிராதுன்னுட்டாரு டாக்டரு."

ஹுமேரா அந்தக் கம்பியை எடுத்து அவர் சுண்டுவிரலின் மேல் வைத்தாள். நுனிவரை ஒட்டி உட்கார்ந்தது.

சாமுவேல் கொதிக்கும் கெட்டிலை எடுத்துவந்து, இன்னும் சோதிக்காத மீதிக் கம்பிகள் இருந்த தட்டின் அருகே வைத்தார்.

"இதுகளையும் போட்டுப் பாத்துரலாங்களா?"

"வேண்டாங்கண்ணா."

கெட்டிலின் ஆவி தட்டின் மேல் படர்ந்தது. ஓரத்தில் கிடந்த மெல்லிய கம்பி ஒன்று அசைந்தது. ஹுமேரா தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள்.