மதில் பக்கத்து வேர்

கார் நிறுத்த இடம் வேண்டுமென்று வீட்டு வாசலில் நின்ற வேப்பமரத்தை வெட்டினார்கள். மிஞ்சிய அடிக்கட்டையைத் தோண்டி எடுக்கக் கடப்பாரை வந்தது. மூன்று நாளில் மற்ற வேரெல்லாம் அறுந்தன. மதில் பக்கத்து வேர் மட்டும் அசையவில்லை.

"மரமே போயிடுச்சு. இன்னும் யாருக்காகண்ணே இந்தப் பிடி?" என்று கடப்பாரை கேட்டது.

"இந்த வேர் மேலதான் மதில் நிக்குது தம்பி," என்றது கட்டை. "அந்தப் பக்கம் டெய்லர் ரோசம்மாக்கா மெஷின் போட்டுத் தைச்சிட்டிருக்காங்க. நான் விட்டா, அவங்க தலைமேல விழும்."

பிறந்ததிலிருந்து பெயர்த்துத்தான் கடப்பாரைக்குப் பழக்கம். எதையும் தாங்கிப் பிடித்ததில்லை.

அடுத்த குத்தில் அது மதிலுக்கடியில் இறங்கி, வேரோடு சேர்ந்து இறுகி நின்றுகொண்டது.

கட்டையைப் பிடுங்க வந்தவர்கள் அன்று சாயங்காலம்வரை கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.