நூறு முறை

அக்கா மகள் கல்யாணத்துக்குப் புனிதவதி பெட்டியோடு கிளம்பும்போது, எத்திராஜ் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “என் காலையும் கூட்டிட்டுப் போறியா?”

“ரெண்டு நாளைக்கு நீங்களே உக்காந்து எழுந்திருங்க. தேஞ்சா போயிடுவீங்க?” என்று அவள் சிரித்தாள்.

அறுபது தாண்டியவர்கள் தொடைத் தசையை வளர்த்தாக வேண்டும் என்பது அரசாங்கச் சட்டம். டிவியில் பேர் சொல்லிப் பேசும் பயிற்சி வீடியோப் பெண்ணோடு அன்றைய எண்ணிக்கையை முடித்தால்தான் வாசல் கதவு திறக்கும். காலில் கட்டும் பட்டைதான் எண்ணும். மூட்டுவலிக்காரக் கணவரின் பட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடமாகப் புனிதவதிதான் உட்கார்ந்து எழுந்தாள். இருபதில் தொடங்கியது, அவள் கால்வலுவில் நூறாக ஏறியிருந்தது.

மறுநாள் நடந்ததை எதிர்வீட்டு ஷகிலாதான் சொன்னாள்.

“நெஞ்சு வலிக்குது, கதவைத் தொறம்மான்னு அண்ணன் கெஞ்சினாருக்கா. நாங்க வெளியிலேருந்து இடிச்சோம். அந்த வீடியோப் பொண்ணு விடவே இல்ல. ‘சும்மா சொல்லாதீங்க சார், நேத்து நூறு பண்ணீங்களே’ன்னு சிரிச்சுது.”

உடைத்த கதவை மாற்றிவிட்டார்கள். காரியமும் முடிந்துவிட்டது. புனிதவதி டிவியைப் போட்டால் அந்தப் பெண் அன்று விட்ட எண்ணிக்கையையே இன்னும் சொல்கிறாள்:

“வணக்கம் எத்திராஜ் சார். இன்னும் முப்பத்தெட்டுதான்.”