சட்டப்படி ஒரு கீழ்வீடு

நிலவறையை வாடகை வீடாக்க அனுமதி கேட்டிருந்தவரைத் தேடி, நகராட்சி இன்ஸ்பெக்டர் டேப்பும் சந்தேகமுமாக வந்து சேர்ந்தார். வெளியே குனிந்து ஜன்னலை அளந்தார்.

"இது பத்தாது. பெருசாக்கணும்."

"தாராளமா சார்."

"தனி வாசல் வேணும்."

"ரெண்டு வேணும்னாலும் வைக்கிறேன்."

இருபது வருஷ சர்வீஸில் இப்படியொரு நல்லவரை இன்ஸ்பெக்டர் பார்த்ததேயில்லை.

"ஊர்ல எல்லாரும் கமுக்கமா வாடகைக்கு விடறாங்க. நீங்க மட்டும் ஏன் சார் சட்டம் சட்டம்னு நிக்கிறீங்க?"

வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆள் ஏற்கெனவே உள்ளதான் சார் இருக்கான். என் பொண்டாட்டியோட தம்பி. ரெண்டு நாள் தங்கறேன்னு வந்து ஒன்பது வருஷமாச்சு. மச்சினனைக் கிளப்ப எந்தச் சட்டமும் இல்லையாம். வாடகைக்காரன்னு பேப்பர்ல வந்துட்டா, காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் விடலாம்னு வக்கீல் சொன்னார்."

உள்ளேயிருந்து குரல் வந்தது: "அத்தான், காபி ஆறிப்போச்சு. வேற கொண்டு வரச் சொல்லுங்க!"

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "ஜன்னலை மெதுவா பெருசாக்கிக்கங்க" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். கேட் வரை போனவர் திரும்பி வந்தார்.

"அந்த வக்கீல் நம்பரைக் கொஞ்சம் குடுங்க சார். எங்க வீட்டு மாடி ரூம்ல என் மச்சினன் இருக்கான். பதினோரு வருஷமாச்சு."