கெட்டில் கொதித்தது

"எல்லாரும் பழசையே ரிப்பேர் பண்ணி ஓட்டினா, நாங்க கடையில உட்கார்ந்து ஈ ஓட்டவா, டீச்சரம்மா?"

கடைசி பெஞ்சிலிருந்து சிறப்பு விருந்தினர் கேட்டதும் வகுப்பே திரும்பிப் பார்த்தது. நகரத்திலேயே பெரிய வீட்டுச் சாதனக் கடை அவருடையது. தேவைக்கு மட்டும் வாங்கு, வாங்கியதை வீணாக்காதே என்று சொல்லித்தரும் பாடம் இது. பல்கலைக்கழகத்தில் இந்த வருடம்தான் தொடங்கியது. எந்தத் துறை மாணவரும் சேரலாம். அதற்கு அவரையே அழைத்திருந்தார் டீன்.

பேராசிரியை சிரித்தாள். "இவங்களே பதில் சொல்லட்டும், சார்."

அவர் பையிலிருந்து ஒரு மின்சாரக் கெட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். "எக்ஸ்சேஞ்சுல வந்த குப்பை. அரை மணி நேரத்துல தண்ணி கொதிக்கணும். இல்லைன்னா, இந்தப் பாடமே தண்டம்னு டீன்கிட்ட சொல்லிடுவேன்."

பேராசிரியை கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

மெக்கானிக்கல் மாணவன் அடிப்பக்கத்தைக் கழற்றினான். "ஸ்விட்சுக்குள்ள கரி பிடிச்சிருக்கு. என் விரல் நுழையல."

"தள்ளு," என்றாள் நர்சிங் மாணவி. இடுக்கியில் உப்புத்தாள் துணுக்கைப் பிடித்து, புண்ணைத் துடைப்பதுபோல் பதமாகத் தேய்த்தாள்.

கெட்டிலில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைப் படித்தாள் இலக்கிய மாணவி. "போன வருஷம் வாங்கினதைப் போய் 'பழசு'ன்னு எழுதியிருக்கீங்களே, சார்! எங்க அகராதில அதுக்கு வேற அர்த்தம்."

வணிகவியல் மாணவனும் விடவில்லை. "கடையிலேயே ரிப்பேருக்கு ஒரு மேஜை போடுங்க சார். ஒருதடவை சரி பண்ணிக்கிட்டுப் போறவன், அப்புறம் ஆயுசுக்கும் வேற கடை ஏற மாட்டான்."

இருபதாவது நிமிடம் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வகுப்பே விசில் அடித்தது.

விருந்தினர் முகம் சிவக்க எழுந்தார். விறுவிறுவென்று டீன் அறைக்கு நடந்தார்.

"போச்சுடா! மேடத்துக்கு வேட்டு வைக்கப் போறாரு!"

நால்வரும் பின்னாலேயே ஓடி, டீன் அறைக் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன சார், ஏதாவது கோபமா?" டீனின் குரல் தயங்கியது.

"கோபமா?" கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார் அவர். "தினமும் சாப்பாட்டு மேஜையில இதே சண்டைதான் சார். ஒருநாள்கூட நான் விட்டுக்கொடுத்ததில்ல. இன்னைக்கு வாயே திறக்காம, பசங்களை வச்சே ஜெயிச்சுட்டா... என் பொண்ணு!"