ஓரத்துல ஒரு படம்

"ஊர்க்காரங்களுக்கு ஞானமணி படமும் வேணுமாம். போட்டுரு. ஓரமாத் தள்ளி, எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தாப் போதும்."

கண்மாய்ச் சங்கத் தலைவர் வெள்ளைச்சாமி இதைச் சொன்னபோது ஞானமணியின் மகள் இளமதி பக்கத்தில்தான் நின்றாள். மதகு திறப்பு விழா பேனருக்கு அம்மா படத்தைக் கொடுக்க அறந்தாங்கி ஃபிளக்ஸ் கடைக்கு வந்திருந்தாள்.

தூர்ந்து கிடந்த ஊர்க் கண்மாய்க்காக மனுவும் கையுமாக வருசக்கணக்கில் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறியவள் ஞானமணி. சங்கத்துக்காரர்கள் தூர்வாரும் வேலை முடிகிற நேரத்துக்கு வந்து போட்டோவுக்கு நின்றவர்கள்.

கம்ப்யூட்டரில் பேனரை வடிவமைத்துக்கொண்டிருந்த சுமையா தலையாட்டினாள்.

"சரிங்கண்ணே. உங்க படம்?"

"நடுவுல, ஆள் உயரத்துக்கு. சங்கத்து ஆளுக எல்லாரும் என்னையச் சுத்தி. பூ, மயிலு, கலர் லைட்டு, எதையும் விட்டுறாத."

சுமையா எதையும் விடவில்லை. தலைக்கு மேல் தலை, தலைக்கு நடுவே மயில், மயிலுக்கு மேல் பூ. ஞானமணி மட்டும் வலது ஓரத்தில், வெள்ளைப் பரப்பில் தனியாகக் கிடந்தாள்.

இளமதி சுமையாவைப் பார்த்தாள். இந்த அக்காவாவது கேட்கக் கூடாதா?

"அக்கா, அம்மா படத்துக்கு ஒரு பூவாச்சும் வைங்க."

"வேணாம்மா."

"சுத்தி ஒரு பார்டர்?"

"அதுவும் வேணாம்."

அதட்டலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அந்தச் சின்னப் படத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். எதற்கு என்றுதான் இளமதிக்குப் புரியவில்லை.

வெள்ளைச்சாமி எட்டிப் பார்த்தார். "அங்கிட்டு ஏன் இம்புட்டு எடம் வெறிச்சுன்னு கெடக்கு?"

"அங்கிட்டும் நெறைச்சா பாக்குறவங்களுக்கு மூச்சு முட்டுமுண்ணே."

அவர் தன் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அதுவும் சரிதான். அடிச்சுரு."

விழாவன்று கண்மாய்க் கரையில் பேனர் நின்றது. வேறெங்கோ பார்க்க நினைத்தும் இளமதியின் கண் நேராக அம்மாவிடமே போனது. பெத்தவ என்பதால் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மதகு திறக்க வந்த தாசில்தாரம்மா காரைவிட்டு இறங்கினார். பேனரை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த ஓரத்துல இருக்கிறவங்க யாரு?"

வெள்ளைச்சாமி மாலையும் கையுமாக நின்றார். "அது... இங்கன உள்ளவங்கதான் மேடம்."

"என்ன செஞ்சாங்க?"

அவர் மாலையைக் கை மாற்றிக்கொண்டார். கூட்டத்தில் யாரோ, "கண்மாய்க்கு மனுக் கொடுத்துக் கொடுத்து அலைஞ்சது அவங்கதாங்க," என்றார்கள். இன்னும் ரெண்டு மூணு குரல் ஆமாம் போட்டது.

"எங்க அவங்க?"

கடைசி வரிசையில் இருந்து ஞானமணி எழுந்து வந்தாள். "நீங்களே திறங்கம்மா," என்றார் தாசில்தார். ஞானமணி மதகுச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது.

மறுநாள் இளமதி கடைக்கு வந்தாள்.

"எப்படிக்கா அது? அத்தனை பெரிய படம் இருக்க, எல்லாருக்கும் எங்கம்மாதான் கண்ணுல பட்டாங்க."

சுமையா சிரித்தாள். "பஸ்ஸுல போறப்போ ஒரு தோப்பு வருது. அதுல எந்த மரமாச்சும் நெனைப்புல நிக்குமா?"

"நிக்காது."

"பொட்டல்ல ஒத்தப் பனை நின்னா?"

"திரும்பிப் பாப்போம்."

"அம்புட்டுத்தான்."

"தலைவருக்குத் தெரிஞ்சா உங்க மேல கோவப்பட மாட்டாராக்கா?"

"என் மேல என்னத்துக்கு? ஓரமாத் தள்ளி வைக்கச் சொன்னதே அவருதானே."